ஹெர்திஸ் வழி தவறவில்லை

"உங்க பேர் என்னம்மா? இன்னிக்கு என்ன கிழமை?"

ஹெர்திஸ் கைத்தடியை ஊன்றி நின்றாள். மூடுபனிக்குள் முளைத்தது போல எதிரே ஒரு ஜெர்மன்காரர், அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அவர் கையில் ஐஸ்லாந்துக்கு வரும் பயணிகளுக்கான பாதுகாப்புக் கையேடு.

"ஏன், உன் வீட்டுல காலண்டர் இல்லையா? தள்ளு. ஆடு ஒண்ணு மேலயே நின்னுபோச்சு. வெளியூர்க்காரங்களோட நின்னு பேச எனக்கு நேரமில்ல."

"கோபம் வருது பார்," என்றார் அவர் மனைவியிடம். "பதினாலாம் பக்கம். உடம்பு விறைக்கும்போது முதல்ல கோபம்தான் வருமாம். அம்மா, நீங்க வழி தவறிட்டீங்க."

எழுபத்தாறு வயதில் இதுவரை யாரும் அவளிடம் சொல்லத் துணியாத வார்த்தை.

"நானா? இந்த மலையில நடை பழகினவ நான். ரோடு அதோ, அந்தப் பக்கம்!" இருபதடி நடந்து போய்த் தடியால் காட்டினாள். இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

"வழி தவறினவங்க இப்படித்தான் அடிச்சுச் சொல்வாங்களாம். கவலைப்படாதீங்க. மீட்புக் குழுவுக்குப் போன் பண்ணியாச்சு."

மீட்புக் குழுவின் தலைவன் கெதில், ஹெர்திஸின் தம்பி மகன். ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தான்: "அத்தே, உன்னைத் தேடி ஒரே ஒரு தடவை ஜீப் எடுக்க வச்சேன்னா, அப்புறம் ஊர் ஆடுகளை மலையிலேருந்து இறக்கற நாள்ல உனக்கு மலை கிடையாது. கீழ நின்னு எல்லாருக்கும் சூப்பு ஊத்து."

சூப்பாம்! ஜீப் வருவதற்குள் ரோட்டில் போய் நிமிர்ந்து நின்றுவிட வேண்டியதுதான். விறுவிறுவென்று இறங்கினாள்.

"பாரு, என்ன வேகம்! குளிர் மூளைக்கு ஏறிடுச்சு." வெள்ளிக் காகிதம் போலப் பளபளத்த போர்வை ஒன்று அவள் தோளில் விழுந்தது.

"நான் என்ன, அடுப்புல வைக்கிற மீனா?" உதறி எறிந்தாள்.

"போர்வையை எறியறாங்க. பதினாறாம் பக்கம்."

புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று காட்ட, பாறைகளைப் பேர் சொல்லிக் காட்டினாள். "இது மூக்கன். இது பாதிரியார் தொப்பி. அதோ பிள்ளைத்தாச்சி."

"ஐயோ, கல்லையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடறாங்களே!" அவர் அவசரமாகப் பக்கம் புரட்டினார்.

அவர் மனைவி மட்டும், ஹெர்திஸ் மிதித்த இடத்தையே பார்த்து மிதித்து வந்தாள். "பிள்ளைத்தாச்சிக்கு அப்புறம் என்னம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

"சேறு. இடது பக்கம் கால் வச்சே, இடுப்பு வரைக்கும் இழுத்துடும். என் பின்னாலயே வா. வழி தெரியாத கிழவி சொல்றேன், கேட்டுக்கோ!"

ரோட்டை அடைந்தபோது ஜீப் ஏற்கெனவே நின்றிருந்தது. அதன் மேல் சாய்ந்தபடி கெதில்.

"போன் பாதியிலயே அறுந்துபோச்சு. மலையில யாரோ வழி தவறிட்டாங்கன்னு மட்டும் காதுல விழுந்துது. யாருன்னு இப்பத் தெரியுது. சொன்னேன்ல அத்தே?"

"சொன்னே. இப்ப நான் சொல்றேன் கேளு. என்னை இந்த மலையை விட்டு இறக்கணும்னா நாலு பேர் வந்து தூக்கணும். சூப்பை நீயே ஊத்து. ஆடு இன்னும் மேலதான் நிக்குது, நான் போறேன்."

"ரெண்டு பேர் சாட்சி இருக்காங்க அத்தே." பேனாவைத் திறந்துகொண்டு ஜெர்மன்காரர் பக்கம் திரும்பினான். "வழி தவறினவங்க பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவர் கையேட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மனைவிதான் முன்னால் வந்தாள்.

"எங்க பேரை எழுதுங்க. இவங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடியே நாங்க எங்களுக்காகப் பண்ணின போன் அது. வழி கேட்டா, இந்தப் பனியில கையை மட்டும் காட்டிட்டு அவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்கன்னுதான், 'வழி தவறிட்டீங்க, வழி தவறிட்டீங்க'ன்னு சொல்லியே அம்மாவை ரோடு வரைக்கும் நடக்க வச்சோம்!"