முன்தண்டு இனி எங்களுக்கு

போர்கோ வெக்கியோ,
பலெர்மோ.
ஞாயிறு இரவு.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய றொஜர் அத்தான் அறிய,

இங்கே நானும் உங்கள் தங்கை புஸ்பவதியும் மாதாவின் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். ரொறன்ரோவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அதே சுகத்தோடு இருக்க வேண்டுகிறோம். உங்கள் முழங்கால் நோ எப்படி, குளிர் குறைந்ததா என்றெல்லாம் விசாரித்து எழுதுவதுதான் முறை. ஆனால் அத்தான், இன்றைக்கு என்னிடம் முறையை எதிர்பார்க்க வேண்டாம். மத்தியாஸ் வென்றுவிட்டது. மூன்றுக்கு இரண்டு. வட்சப்பிலேயே சொல்லியிருப்பேன். மூன்றாவது கோல் விழுந்த கையோடு நீங்கள் குறூப்பை விட்டு வெளியேறிவிட்டபடியால் பேனா பிடிக்க வேண்டியதாயிற்று.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுத எழுத எனக்கு இனிக்கிறது. வருடா வருடம் புனித மத்தியாஸ் கல்லூரிப் பழைய மாணவரும் புனித லூக்காஸ் கல்லூரிப் பழைய மாணவரும் இங்கே உதைபந்தாட்டம் ஆடுவதும், வென்ற கல்லூரி அடுத்த ஞாயிறு மாதாவின் சுருவத்தை, அதுதான் சிலையை, தண்டுகளில் தோள்கொடுத்து மலையிலிருந்து இறக்கும்போது முன்தண்டு பிடிப்பதும், தோற்ற கல்லூரி பின்தண்டுக்குப் போவதும் நம்முடைய வழக்கம். ஆறு வருடமாக உங்கள் லூக்காஸ் முன்னுக்கு, நாங்கள் பின்னுக்கு. எல்லாப் படத்திலும் உங்கட ஆக்களின் முகம், எங்கட ஆக்களின் காது. அந்த ஆறு வருடமும் நான் கண்டதெல்லாம் எனக்கு முன்னால் முன்தண்டு பிடித்த உங்கட யசிந்தனின் வியர்வையில் ஊறிய முதுகுதான். இவன் ஏன் இப்படி வியர்க்கிறான், பெருமை தலைக்கேறினால் இப்படித்தான் ஊற்றுமாக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். போன் எடுத்தால் நீங்கள் "என்ன பின்தண்டார், சுகமோ" என்று கேட்பீர்கள். உங்கள் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு நானும் சிரித்துக்கொண்டு "ஓம் அத்தான், சுகம்" என்று சொல்லுவேன். அது இன்றோடு முடிந்தது.

இன்றைக்கும் முதலில் எங்களுக்கு விடியவே இல்லை. எங்கள் கோல் காப்பாளர் மரியநாயகம் அண்ணை குனிந்தால் நிமிர நேரமெடுக்கிற ஆள். அவர் குனிந்தபோது ஒன்று, நிமிர்ந்தபோது ஒன்று, இரண்டு கோல் போய்விட்டது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எங்கட பக்கத்துச் சனமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. "இனி ஓடி என்ன, சோத்துப் பார்சலை அவிழ்ப்பம், ஆறப்போகுது" என்று ஒரு பகுதி. "மானம் போகுதடா, ஒண்டாவது அடிச்சிட்டுச் சாப்பிடுவம்" என்று இன்னொரு பகுதி. அணியின் பொறுப்பாளன் என்ற முறையில் நான் நடுவில் நின்று, உண்மையைச் சொல்லப்போனால், பார்சல் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தேன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் விடியக்காலமை தொடக்கம் றெஸ்ரோறண்டில் கணவாய் துப்பரவாக்கிவிட்டு வந்தவனுக்குப் பசிக்காதா?

அந்த நேரம்தான் பிறின்ஸ் வந்து சேர்ந்தான். மொண்டெல்லோ கடற்கரையில் குடை விரிக்கிற பெடியன். பெடியன் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லுகிறேன், நாற்பது வயதாகிறது. முதலாளி விடப் பிந்திவிட்டதாம். காலில் மண்ணோடு வந்தவனுக்கு எங்கள் உடுப்பை மாட்டி உள்ளே தள்ளினேன். வந்த வேகத்திலேயே ஒரு கோல். பார்சல் அவிழ்த்தவர்கள் திரும்பக் கட்டினார்கள். பிறகு மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி இன்னொரு கோல். இரண்டுக்கு இரண்டு. மத்தியஸ்தராக நின்ற பாதர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், விசிலை வாயருகே கொண்டுபோகிறார், நான் மாதாவைக் கூப்பிடுகிறேன், பிறின்ஸ் மூன்று பேரைச் சுத்திப்போட்டு அடிச்சான் பாருங்கோ ஒரு அடி, உங்கட கோலி பந்தைக் காணவேயில்லை, வலை ஆடினதைத்தான் கண்டவன். நான் அழுதுவிட்டேன் அத்தான். வெட்கப்படாமல் எழுதுகிறேன், குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

அதன் பிறகு நடந்த வாக்குவாதத்தை நீங்களும் யசிந்தனின் போனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள். "அவன் எங்கட பெடியன், எங்கட பெடியன்" என்று நீங்கள் ரொறன்ரோவில் கத்தியது இங்கே ஒறத்தோரியோ என்கிற கோயில் விளையாட்டு முற்றத்தின் மதில்வரை கேட்டது. யசிந்தனும் அதைப் பிடித்துக்கொண்டு, "பாதர், பிறின்ஸ் படிச்சது லூக்காஸிலை. என்ரை வாங்கிலை எனக்குப் பக்கத்திலை இருந்தவன். இந்தக் கோல் ஒண்டும் செல்லாது" என்று நின்றான். நான் விடுவேனா. இடம்பெயர்வுக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாமல் போனபோது, உங்கள் கட்டடத்தில்தானே காலமை லூக்காஸும் பின்னேரம் மத்தியாஸும் நடந்தது. "அதே வாங்கிலை பின்னேரமும் இருந்தவன், அப்ப அவன் மத்தியாஸ்" என்றேன். இத்தாலியப் பாதருக்கு ஒரு கட்டடத்தில் இரண்டு கல்லூரி எப்படி இருக்கும் என்று விளங்கப்படுத்துவதற்குள் வெயிலும் இறங்கிவிட்டது.

கடைசியில் பிறின்ஸையே கூப்பிட்டுக் கேட்டோம். அவன் பார்சலைத் தின்றுகொண்டே, "நான் ரெண்டுக்கும் போனனான் அண்ணை. காலமை அம்மா படிக்க அனுப்புவா. பின்னேரம் பிஸ்கற் குடுப்பினம்" என்றான். அந்தப் பிஸ்கற்றை அங்கே நின்ற முக்கால்வாசிப் பேரும் தின்றவர்கள்தானே.

சரி, சமன் என்று முடித்துவிடுவார்களோ என்று நான் பாதரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அத்தான், சோற்றுச் சட்டிக்குப் பின்னால் நின்ற உங்கள் தங்கை அகப்பையோடு முன்னுக்கு வந்தாள். "பிறின்ஸ் மத்தியாஸ் எண்டால் மூண்டு கோலும் மத்தியாஸுக்கு. லூக்காஸ் எண்டால் சொந்தக் கோலுக்கை அடிச்சிருக்கிறான், சேம் சைட் கோல், அப்பவும் மத்தியாஸுக்குத்தான். இதிலை என்ன கதை?" என்று கேட்டாள். யாரோ அதைப் பாதருக்கு இத்தாலியனில் சொல்ல, அவர் யோசித்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து உயர்த்தினார். உங்கள் வீட்டுப் பிள்ளைதான் உங்கள் கல்லூரியைக் கவிழ்த்தது. உங்கள் அப்பா அவளைப் படிப்பித்தது வீண்போகவில்லை.

வருகிற ஞாயிறு முன்தண்டின் வலப்பக்கம் நான். புதுச் சேட் ஒன்று வாங்கி உடுத்தப்போகிறேன். படம் பெரிதாக அனுப்புகிறேன், கண்ணாடி போட்டுப் பார்க்கவும். அக்காவுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். மலையிலிருந்து இறங்கி வருகிற மாதா உங்கள் முழங்காலையும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
இனி ஒருபோதும் பின்தண்டு பிடியாத
ஜெயரட்ணம்

பி.கு: அண்ணா, இது புஸ்பவதி. கடிதம் இன்னும் தபாலில் போடவில்லை. பவனி முடிந்து மூன்று நாளாக இவர் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறார், சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இனி அவர் சொல்வது:

அத்தான், மலையால் இறங்கும்போது சுருவத்தின் பாரம் முழுக்க முன்தண்டில்தான் வந்து விழுகுது எண்டு ஏன் நீங்கள் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை? ஆறு வருசமாய் நாங்கள் பின்னாலை சும்மா விரலாலை தொட்டுக்கொண்டெல்லோ நடந்திருக்கிறம். யசிந்தன் இந்த முறை பின்தண்டிலை பாட்டுப் பாடிக்கொண்டு, ஒரு கையாலை வீடியோவும் எடுத்தவன். எனக்குத் தோளும் இல்லை, இடுப்பும் இல்லை. படத்திலை என்ரை முகத்தைப் பார்க்க ஏலாது, அனுப்ப மாட்டன். நான் நல்லாய் யோசிச்சுப் பார்த்தனான். பிறின்ஸ் உங்கட பெடியன்தான். எந்தக் கோயிலிலையும் வந்து சத்தியம் பண்ணுறன். அடுத்த வருசம் அவனை நீங்களே எடுங்கோ. சேம் சைட் கோல் எண்டு உங்கட தங்கச்சி சொன்னதையும் மறந்துபோடுங்கோ, அவளுக்கு உதைபந்தாட்டம் ஒரு துண்டும் தெரியாது.

அண்ணா, அவர் சொன்னதை ஒரு எழுத்தும் விடாமல் எழுதிப்போட்டேன். இனி நான் சொல்வது. கோல் கோல்தான். அடுத்த வருடமும் பிறின்ஸ் எங்கள் பக்கம்தான் ஆடுவான், மூன்று பார்சல் தருவதாகச் சொல்லி அவனை ஒப்புக்கொள்ளவும் வைத்துவிட்டேன். முன்தண்டும் இவர்தான்.