பால் பொங்காத அடுப்படி

ஒரு காட்டில், தேன்கூட்டுக்குப் பஞ்சமே இல்லாத மேற்குச் சரிவில், தணிகாசலம் என்ற கரடியும் அவன் மனைவி வடிவும் குடியிருந்தார்கள். வடிவு தாளித்தால் அடுத்த மலையில் இருக்கும் நரிகூடத் தும்மும். அப்படிப்பட்ட கைமணம். அதற்கு ஈடாக அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்க எண்ணெயும் மஞ்சளும் தெறித்துப் பிசுக்கேறிக் கிடந்தது.

ஒருநாள் தணிகாசலத்தின் அக்கா கனகவல்லி விருந்துக்கு வந்தாள். மீன்குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஏப்பம் விட்டபடி அடுப்படிக்குள் போனவள், அந்தச் சுவரில் ஒரு விரலை வைத்தாள். விரல் ஒட்டிக்கொண்டது.

"ஏன் வடிவு, இந்தச் சுவரை வழிச்சாலே இன்னொரு குழம்பு வைக்கலாம் போலிருக்கே!"

வந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்துத் தொலைத்தான். வடிவுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணி வாயாலேயே 'நல்லாயிருக்கு' என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே சபதம் போட்டாள்.

மறுநாள் புருஷனை இழுத்துக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் பச்சோந்தியார். எந்த டைலைக் காட்டினாலும் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, அதே நிறமாக மாறி, "பாருங்கம்மா, எப்படி எடுப்பா இருக்கு!" என்பார். இப்படி ஒரு ஆள் கடை வைத்தால் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்?

வடிவு முதலில் பளபளப்பான டைல் ஒன்றைத்தான் எடுத்தாள். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் அழுக்கு போய்விடும்.

"அது மெஸ்காரங்க போடறதும்மா," என்று முகத்தைச் சுளித்தார் பச்சோந்தியார். பிறகு தும்பைப்பூ வெள்ளையில் பளபளப்பே இல்லாத ஒரு மேட் ஃபினிஷ் டைல் மேல் ஏறிப் படுத்தார். அடுப்பு மேடைக்கும் அதே வெள்ளையில் கல் இருப்பதாகச் சொன்னார்.

"இதுல மஞ்சள் பட்டா போயிடுமா?"

"பட்டாத்தானேம்மா போகணும்?"

"தாளிச்சா எண்ணெய் தெறிக்குமே?"

"கடுகு போடாதீங்க."

"அப்ப குழம்பு?" என்று ஆரம்பித்த தணிகாசலம், வடிவு பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

வேலை முடிந்தது. அடுப்படி அவ்வளவு வெள்ளை. வடிவு கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவாள்; போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். சமையலெல்லாம் கொல்லையில், பலாமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி நடந்தது; அதுவும் வெறும் கஞ்சியும் துவையலும்தான்.

பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். கனகவல்லி முதல் ஆளாக வந்து, விரலை முன்னால் நீட்டிக்கொண்டு சுவரண்டை நின்றாள். அப்போதுதான் வடிவுக்கு உறைத்தது. பால் காய்ச்சினால் பொங்கி வழிய வேண்டும். வழிந்தால்தான் வீடு விளங்கும். வழிந்த பால் அந்த வெள்ளைக் கல்லில் தீய்ந்தால் கறை லேசில் போகாது, அண்ணியின் வாயும் லேசில் மூடாது.

அடுப்பைப் பற்றவைத்தாள். பால் ஏறியது. "பொங்கட்டும், பொங்கட்டும்!" என்று எல்லாரும் குரல் கொடுத்தார்கள். நுரை விளிம்பைத் தொட்டது. வடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுப்பை அணைத்துவிட்டாள்.

நுரை மெல்ல இறங்கிப் பாத்திரத்துக்குள் படுத்துக்கொண்டது.

"ஐயையோ, பொங்கலையே!" என்றது பக்கத்து வீட்டு ஆமை. கனகவல்லி வாயைத் திறந்தாள். வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதற்குள் வெள்ளைச் சுவர் பேசியது. அதில் ஒட்டிக்கொண்டிருந்த பச்சோந்தியார்தான்.

"சபாஷ்மா! பெரிய காடுகள்ல இப்ப யாரு பொங்க விடறா? விளிம்போட நிறுத்தறதுதான் ஐஸ்வர்யம். விஷயம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

கனகவல்லி திறந்த வாயை வேறு பக்கம் திருப்பினாள். "இதுகூடவா எனக்குத் தெரியாது? நானே சொல்லணும்னுதான் இருந்தேன். நல்லாயிருக்கு வடிவு, ரொம்ப நல்லாயிருக்கு." வீட்டுக்குப் போனதும் தன் அடுப்படியை இடிக்க ஆள் வைத்தாள். சரிவில் இருந்த மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? எல்லார் கொல்லையிலும் மூன்று கல் முளைத்தது.

ஜெயித்த சந்தோஷத்தில், பால் காய்ச்சிய அன்று சாயங்காலமே வடிவு கொல்லையில் மீன்குழம்பு கூட்டினாள். கடுகு தாராளமாக வெடித்தது. தணிகாசலம் தட்டோடு வந்து உட்கார்ந்தான். எத்தனை நாள் கழித்து நாக்குக்கு ருசியாக ஒரு சாப்பாடு!

கொல்லைச் சுவரில் படிந்திருந்த புகைக்கரியில் இரண்டு கண்கள் திறந்தன.

"ஏம்மா, இந்தச் சுவர் இப்படியா இருக்கிறது? அண்ணி நாளைக்குக் கொல்லைப் பக்கம் வந்துட்டா?"

வடிவு கரண்டியைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்தாள். கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கினாள்.

"ஏங்க, தட்டை வச்சிட்டு எழுந்திருங்க. இந்த மூணு கல்லையும் தூக்கிட்டுப் போய் ஆத்தங்கரையில வைங்க."

நீதி: வயிறு காய்வதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, சுவரை எல்லாரும் தொட்டுப் பார்ப்பார்கள்.