கொஸ்லந்த குமுதவல்லி

"இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர்கள்... ஸ்பிரிங்வெளி மாரிசாமி... கொஸ்லந்த குமுதவல்லி..."

கொழும்பு வானொலி அறிவிப்பாளர் வெண்ணெய் தடவின குரலில் இப்படி வாசித்ததும், மாரிசாமி கண்களை மூடிக்கொண்டு "அடடா!" என்றான். திறந்து பார்த்தால் எதிரே பெண்டாட்டி தனலெட்சுமி, ரொட்டி திருப்புகிற கரண்டியோடு நிற்கிறாள்.

"யாரு அது?"

"எது?"

"மாரிசாமி யாருன்னு எனக்குத் தெரியும். மத்தது யாரு?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லய வரிசையில் ரேடியோ இருந்தது மாரிசாமியின் ஒற்றையறைக் காம்பராவில் மட்டும்தான். ஆகவே வாசல் திண்ணையான இஸ்தோப்பு முழுக்க ஆள். அத்தனை பேரும் பாட்டை விட்டுவிட்டுக் கரண்டியைப் பார்த்தார்கள்.

"அது யாருமில்ல புள்ள" என்றான் மாரிசாமி.

"யாருமில்லாத ஆளுக்குப் பேரு எப்படி வந்துச்சு?"

பக்கத்துக் காம்பரா வீரய்யா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்ல கேள்வி" என்றான். உபகாரம் செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

மாரிசாமியின் பைத்தியத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சிலருக்கு வெற்றிலை, சிலருக்குச் சாராயம், இவனுக்குச் சொல். அர்த்தம் கிடக்கட்டும் ஒரு பக்கம், சத்தம் நன்றாக இருக்க வேண்டும். அவன் வேலை செய்கிற தேயிலை ஸ்டோரில் ரோலர் மிஷின் இலையை அரைக்கும்போது, அதன் தாளத்துக்கு "ஜலதரங்கம், ஜலதரங்கம்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். ஜலதரங்கம் தின்பதா உடுத்துவதா என்று கேட்டால் தெரியாது. ஊர்ப் பேர்களில் அவனுக்கு உயிர் கொஸ்லந்த. நாக்கு மேலே ஏறி வழுக்கி இறங்குகிறதாம். கல்யாணப் பேச்சின்போது தரகர், "பொண்ணு கொஸ்லந்த..." என்று ஆரம்பித்ததுமே "சரி" என்று சொல்லிவிட்டவன் அவன். பெண் கறுப்பா சிவப்பா, பேர் என்ன, ஒன்றும் கேட்கவில்லை. தனலெட்சுமி வந்தாள். அவன் அதிர்ஷ்டம், தங்கமான பெண்.

ரேடியோ வந்த பிறகு பைத்தியம் முற்றியது. ஆரம்பத்தில் வீரய்யா, சடையாயி, கருத்தமுத்து என்று அக்கம்பக்கத்துப் பேர்களைத்தான் தபாலட்டையில் எழுதிப் போட்டான். அந்த அறிவிப்பாளர் "சடையாயி" என்று வாசித்ததைக் கேட்டதும் அவனுக்கு மனசு ஆறவில்லை. அந்தத் தங்கக் குரலுக்கா இந்தக் கதி! அந்தக் குரலுக்குத் தகுந்த பேராக நாமே செய்து கொடுப்போம் என்று உட்கார்ந்து யோசித்துச் செய்ததுதான் குமுதவல்லி.

"சத்தியமா புள்ள, அப்படி ஒருத்தி இல்ல. நானா செஞ்ச பேரு. சத்தம் நல்லா இருந்துச்சு, போட்டேன்."

"சத்தம் நல்லா இருந்துச்சா?"

"ஆமா! நீயே சொல்லிப் பாரு. கு... மு... த... உதடு ரெண்டும் முத்தம் குடுக்குறாப்புல குவியுதா? அப்புறம் வல்லின்னு வழுக்கிக்கிட்டு ஓடுது பாரு. கொஸ்லந்தவோட சேத்துச் சொன்னா பாகுல ஊறுன பணியாரம்!"

விளக்கினால் புரிந்துகொள்வாள் என்று பாவம் அவன் நினைத்தான். விளக்க விளக்க அவள் முகம் கறுத்துக்கொண்டே போனது. கடைசியில் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொட்டி கருகியது.

"முத்தம்னு சொல்லியிருக்க வேணாம் மாரி" என்றான் வீரய்யா.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று ராத்திரிதான் மாரிசாமிக்கு நினைவு வந்தது. அவன் போட்டது ஒரு அட்டை இல்லை. போன மாதம் உற்சாகத்தில் ஒரே நாளில் வேறு அட்டைகளும் போட்டிருந்தான். ஹப்புத்தளை ஹேமாம்புஜம் கொழும்பில் காத்துக்கொண்டிருக்கிறாள். பண்டாரவளை பங்கஜவல்லியும் காத்துக்கொண்டிருக்கிறாள். எந்த ஞாயிற்றுக்கிழமை எவள் வருவாளோ தெரியாது.

அடுத்த ஞாயிறு ரேடியோவிலிருந்த பேட்டரிகளைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, "பேட்டரி செத்துப்போச்சுப்பா, இன்னைக்குப் பாட்டு இல்ல" என்று இஸ்தோப்பில் அறிவித்தான். பேட்டரிக்குப் பஞ்சமான காலம். பதுளைக் கடைகளில் கேட்டால் கையை விரிப்பார்கள். அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

வீரய்யாவுக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்த் தன் டார்ச் லைட்டைக் கொண்டுவந்தான்.

"வேணாம் வீரய்யா, ராத்திரி பாம்பு கீம்பு..."

"பாம்பு கடிச்சா கடிக்கட்டும் மாரி. ஒனக்கு ரேடியோன்னா உசுருன்னு எனக்குத் தெரியாதா?"

பேட்டரி போட்டான். ரேடியோ இருமியது. அடுத்த நொடி, "ஸ்பிரிங்வெளி மாரிசாமி... ஹப்புத்தளை ஹேமாம்புஜம்..."

என்ன சொல்லி என்ன! அந்த நேரத்திலும் மாரிசாமியின் உதடுகள் "ஹேமாம்புஜம்" என்று ஒரு தடவை ருசி பார்த்தன. தனலெட்சுமி அதைப் பார்த்துவிட்டாள்.

"இதுவும் சத்தத்துக்குத்தானா?" என்றாள், மெதுவாக.

"சாமி சத்தியமா சத்தத்துக்குத்தான்! மொத்தத்துல எல்லாமே சத்தத்துக்குத்தான்!"

அவள் பொலபொலவென்று அழுதாள். பிறகு பானையிலிருந்து அரிசி எடுக்கப் போனாள். அரிசியோடு பேட்டரியும் வந்தது. அதன் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. சத்தத்துக்காகவே உயிரோடிருந்த மனுசனுக்கு வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. "இந்தா புள்ள" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தபோது, ரோலர் மிஷின் பக்கத்தில் நின்று நிஜமாகவே அழுதான். ஜலதரங்கம் துணைக்கு வரவில்லை.

இன்னும் பங்கஜவல்லி பாக்கி. அவளை எப்படியாவது தடுக்க வேண்டும் என்று பதுளைக்கே போய், அறிவிப்பாளருக்கு ஓர் அட்டை எழுதிப் போட்டான். "ஐயா, கொஸ்லந்த குமுதவல்லி, ஹப்புத்தளை ஹேமாம்புஜம், பண்டாரவளை பங்கஜவல்லி ஆகியோரின் பெயர்களை என் பெயரோடு சேர்த்து இனித் தயவுசெய்து வாசிக்க வேண்டாம். குடும்பத்தில் குழப்பம்." திரும்பி வரும்போது மனசு பஞ்சு போல இருந்தது. நம்ம மூளையும் மூளைதான் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

அறிவிப்பாளர் நல்ல மனிதர். நேயர்களின் கடிதங்களை மதிப்பவர். வந்த அட்டையை அப்படியே வானொலியில் வாசித்தார்.

"...குடும்பத்தில் குழப்பம் என்று எழுதியிருக்கிறார் ஸ்பிரிங்வெளி மாரிசாமி. வருந்தாதீர்கள் மாரிசாமி அவர்களே. கொஸ்லந்த குமுதவல்லி, ஹப்புத்தளை ஹேமாம்புஜம், பண்டாரவளை பங்கஜவல்லி ஆகிய மூவரின் மனத்தாங்கலும் தீர வேண்டுமென்று, இதோ அவர்களுக்காகவே ஒரு சோக கீதம்."

ஊவா மாகாணம் முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற கங்காணி எல்லோர் முன்னாலும் விசாரித்தார். "ஏம்ப்பா மாரி, பண்டாரவளைக்காரி சமாதானமாயிட்டாளா?" வீரய்யாவின் பெண்சாதி, "அந்தாளு கூடச் சேந்தீங்க, கால ஒடிச்சுப்புடுவேன்" என்று புருசனை இழுத்துக்கொண்டு போனாள். சாயந்தரம் கொஸ்லந்தவிலிருந்து தனலெட்சுமியின் அண்ணன் இராமையா வந்து இறங்கினான். அங்கேயும் ரேடியோ இருக்கிறது அல்லவா!

"மச்சான், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. யாரு அவ?"

"ஒருத்தியும் இல்ல மச்சான். எல்லாம் நான் சத்தத்துக்காகச் செஞ்ச பேரு."

"கல்யாணமானவன் சத்தத்துக்காகப் பொம்பள பேரு செய்வானா? மூணு ஊரு மூணு பேரு. எங்க ஊருலேருந்தே ஆரம்பிப்போம். நாளைக்கு மூணு பேருமா போறோம். கொஸ்லந்தவுல குமுதவல்லின்னு ஒருத்தி இருந்தான்னா, எந் தங்கச்சி இனிமே இந்த லயத்துப் படி ஏறாது."

மாரிசாமி துள்ளி எழுந்தான். "வாங்க போவோம்! ஒரு ஈ காக்காவுக்குக்கூட அந்தப் பேரு இருக்காது. செஞ்சவன் எனக்குத் தெரியாதா?"

தனலெட்சுமி தகரப் பெட்டியில் தன் சேலைகளை அடுக்கினாள். பெட்டியும் பஸ் ஏறியது.

பதுளையில் ஒரு பஸ், பண்டாரவளையில் இன்னொரு பஸ். ஹப்புத்தளையில் கண்டக்டர் "ஹப்புத்தளை! ஹப்புத்தளை!" என்று கத்தியபோது மாரிசாமியின் வாய் தன்னையறியாமல் அசைந்தது. இராமையா பார்த்த பார்வையில் அதை மூடிக்கொண்டான்.

கொஸ்லந்தவில் இறங்கியதும் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற ஒரு கிழவரிடம் இராமையா கேட்டான். "ஏங்க, இந்தப் பக்கம் குமுதவல்லின்னு யாராச்சும் இருக்காங்களா?"

மாரிசாமி வெற்றிச் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தான்.

"குமுதவல்லியா? ஆமாங்க, இருக்கே! மேட்டு லயத்துல, கடைசி காம்பரா."

சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது.

"புதுசா வந்ததுதான்" என்றார் கிழவர், குஷியாக. "நல்ல செவப்பு. ஆனா பாருங்க, ராத்திரியில ஒரு மனுசனத் தூங்க விடுறதில்லையாம். லயமே சொல்லுது."

"மச்சான்..." என்றான் இராமையா. சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்தான்.

"சத்தியமா எனக்குத் தெரியாது மச்சான்! நானாத்தான் செஞ்சேன்!"

"நீங்களா செஞ்சது நடமாடுது போல இருக்கே!"

மேட்டு லயத்துக்கு ஏறும்போது மாரிசாமி தலையில் அடித்துக்கொண்டான். தான் செய்த பேருக்கு எவளோ உயிர் கொடுத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாளே, மாரியாத்தா, இது என்ன சோதனை என்று வாய்விட்டே புலம்பினான். தனலெட்சுமி மட்டும் அவசரப்படாமல் நடந்து வந்தாள்.

கடைசி காம்பரா வாசலில் ஜெயலெட்சுமி நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் தனலெட்சுமியோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள். "தனமக்கா!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குமுதவல்லி எங்க?" என்றான் இராமையா, முறைப்பாக.

"உள்ள தூங்குறா. மெதுவாப் பேசுங்கண்ணே, முழிச்சுக்கிட்டா அவ்வளவுதான்."

கூரையிலிருந்து தொங்கிய தொட்டிலைக் காட்டினாள். இராமையா எட்டிப் பார்த்தான். கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு, சிவப்பாக, கைக்குழந்தை.

"போன வாரந்தான் பேரு வச்சோம்" என்றாள் ஜெயலெட்சுமி. "ரேடியோவுல சொன்னாங்கண்ணே. எங்க ஊருப் பேரோட சேந்து வந்துச்சா, காதுல அப்படி இனிச்சுச்சு. சத்தம் நல்லா இருக்குன்னு வச்சுட்டோம்."

மாரிசாமி குதித்தான். "கேட்டீங்களா மச்சான்! காது குளிரக் கேட்டுக்குங்க! சத்தம் நல்லா இருக்குன்னு வச்சாங்களாம்! எம் பேச்சு நெசமா இல்லையா?"

இராமையாவின் தலை தொங்கிப்போனது. "மன்னிச்சுக்குங்க மச்சான். ஒங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன்." மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று திரும்பிப் பார்த்தால், தனலெட்சுமி தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து முன்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருக்கிறாள். ஜெயலெட்சுமி குனிந்து தோளைத் தொட்டு ஏதோ கேட்டாள். இவள் முந்தானைக்குள் ஏதோ சொன்னாள்.

"இன்னும் என்ன புள்ள?" மாரிசாமிக்கும் கண்ணீர் வந்துவிட்டது. "அப்படி ஒருத்தி இல்லேன்னு கண்ணால பாத்துட்டியே, இன்னும் நான் என்ன சாட்சி கொண்டாந்து காட்டட்டும்?"

ஜெயலெட்சுமி நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அட போங்கண்ணே! நீங்க சொன்னத அக்கா மொத நாளே நம்பிருச்சு. இல்லாதவளுக்கெல்லாம் இனிக்க இனிக்கப் பேரு தேடுன மனுசனுக்கு, தனலெட்சுமிங்கிற பேரு மட்டும் இனிக்கலையேன்னுதான் அழுவுது!"