பசை அண்ணை ஒட்டிய பொய்ப்பெயர்

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். பத்திரிகையில் எழுதத் துணிந்ததற்கு வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பசை அண்ணையைப் பற்றி எழுத வேறு ஆளில்லை.

தனக்குப் பிடித்த பாடகரின் பெயரை உலகத்துக்கே தெரியாமல் மறைத்த ஒரே ரசிகர் அவர்தான்.

எழுபதுகளில் பிராங்பேர்ட்டில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் இருவரும் வேலை செய்தோம். ஒரே அறை. என் கட்டிலைத் தவிர மீதி இடமெல்லாம் பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்ன இசைத்தட்டுகள். எல்லாம் அமெரிக்கக் கறுப்பினத்தவர் பாடிய சோல் பாட்டுகள். அங்கே முகாமிட்டிருந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பழைய சாமான் சந்தையில் விட்டுப்போனவை. பேர்பெற்ற பாடகர்களை அண்ணை தொடமாட்டார். ஒரே ஒரு தட்டோடு காணாமல் போனவர்கள்தான் அவருக்கு வேண்டும்.

அபூர்வமான தட்டுக் கிடைத்தால், நடுவில் அச்சிட்ட பெயரின் மேல் காகிதம் ஒட்டிப் பொய்ப்பெயர் எழுதிவிடுவார். உண்மைப் பெயர் தெரிந்தால் போட்டிக்காரர்களும் அதே தட்டைத் தேடிப் பிடித்துவிடுவார்களாம். சனி இரவுகளில் நடன மண்டபத்தில் ஆடுகிறவர்களுக்கு அவர் தட்டுப் போடும்போது, தானும் தட்டுச் சேர்க்கிற ஒரு ஜேர்மன் டாக்ஸிக்காரர் சுற்றுகிற எழுத்தைப் படிக்கத் தன் தலையையும் கூடவே சுழற்றுவார். கொஞ்ச நேரத்தில் மயங்கி உட்கார்ந்துவிடுவார்.

“பாவம் அண்ணை, சொல்லிவிடுங்கோவன்.”

“உனக்கே சொல்லேல்லை. அவனுக்குச் சொல்லுறதோ?”

அவருடைய உயிர்த் தட்டு ஒன்று இருந்தது. பாடியவர் சிப்பாயாக வந்து, இந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டாராம். அவரைப் பார்க்காமல் சாக ஏலாது என்பார் அண்ணை. ஆனால் பெயரைச் சொல்லி விசாரித்தால் இரகசியம் வெளியே போய்விடும். அதனால் போகிற இடமெல்லாம் பாட்டைப் பாடிக் காட்டி விசாரித்தார். அவரை நிறுத்துவதற்காகவே சிப்பாய்கள் பியர் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரான ஹனாவில் ஒரு டயர்க் கடைக்குள் போய்ப் பாடினார். ஒரு காருக்கு அடியிலிருந்து, “அப்படி இல்லை!” என்று சத்தம் வந்தது. கரி பூசிய பெரிய மனிதர் ஒருவர் ஊர்ந்து வந்து, அதே வரியைச் சரியாகப் பாடினார். அண்ணை அப்படியே ஒரு டயரில் உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, இவர்தான்ரா!”

டயர்க்காரரிடம் அந்தத் தட்டு இல்லை. ஜேர்மன் மனைவியோ அவர் பாடகராக இருந்ததை நம்பவே இல்லை. “நாளைக்குத் தட்டோடு வாருங்கள். என்னைப் பொய்யன் என்கிறாள்” என்று எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு ஹனா ரயில் நிலையத்தில் இறங்கி, பனியில் நடந்து அவர் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “இதில் வேறு யாருடைய பெயரோ இருக்கிறதே!” டயர்க்காரர் தலை குனிந்தார்.

“ஐயோ, நான்தான் ஒட்டினது! சுடுதண்ணிக் கேத்திலைக் கொண்டாங்கோ!” பதற்றத்தில் அண்ணை தமிழிலேயே கத்தினார். என் அரைகுறை ஜேர்மனில் நான் விளக்கினேன். ஆவியில் பிடித்ததும் காகிதம் கழன்று வந்தது, அடியிலிருந்த பெயரையும் உரித்துக்கொண்டு.

“இப்போது பெயரே இல்லை” என்றார் அந்த அம்மா.

“தட்டைப் போடச் சொல்லு” என்றார் அண்ணை.

பாட்டுத் தொடங்குமுன், மூக்கால் நீளமாக ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கை நின்றது.

“இந்த மூச்சு! இரவெல்லாம் என் காதுக்குள் கேட்கிற மூச்சு!”

சிரித்தார், ஏப்ரனால் கண்ணைத் துடைத்தார். டயர்க்காரர் யாரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அந்த அம்மா ஊசியைத் திரும்ப முதலில் வைத்தபோது, அண்ணை கோட்டை எடுத்துக்கொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார்.

ரயில் நிலையம் வந்தபிறகுதான் கவனித்தேன். “அண்ணை, தட்டை விட்டிட்டு வந்திட்டியள்!”

“ஆற்றை தட்டு, என்ரையோ?” என்றார். பிறகு வந்த ரயிலில் ஏறிவிட்டார்.

மறுநாள் அண்ணைக்குக் காய்ச்சல். நான் வேலைக்குப் போகாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.