இறங்குகிற வண்டிக்கு வழி

“நாப்பதுக்கு இருபத்தெட்டாம்! ரெண்டே ரெண்டு மார்க்குல பெயிலாம்!”

இராயப்பன் கையிலிருந்த பையை லயத்து வீட்டு வாசலிலேயே வீசினான். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினோரு வருஷமாகக் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். லைசன்ஸ் என்று ஒன்று அவனிடம் இருந்ததே இல்லை. தோட்டத்து ரோட்டில் அதை யார் கேட்டார்கள்?

புதிதாக வந்த தொரை கேட்டார். மூன்று மாதத்துக்குள் எழுத்துப் பரீட்சை பாஸாகி எல் பெர்மிட்டாவது மேசைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் லொறிச் சாவி லைசன்ஸ் வைத்திருக்கிற கிளீனர் ஸ்ரான்லி கைக்குப் போகும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்ரான்லியாம், ஸ்ரான்லி! ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிற பயல்!

“அப்படி என்னதான் கேட்டாங்க?” என்றாள் மனைவி ஜூலியட்.

“ஒடுக்கமான மலை ரோட்டுல ரெண்டு வண்டி எதிரும் புதிருமா வந்தா யாருக்கு வழின்னு கேக்குறானுங்க. எறங்குற வண்டிக்குன்னு போட்டேன்.”

“ஏறுற வண்டிக்குங்க. பொஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

“பொஸ்தகம் எழுதுனவன் நம்ம தோட்டத்துக்கு வந்து பாத்தானா? பங்களா எங்க இருக்கு? உச்சியில! எறங்கி வர்றது யாரு? தொரை ஜீப்பு! வழி விடாம குறுக்க நிக்கச் சொல்றியா?”

வளைவுக் கேள்விக்கும் அதே கதைதான். ஹோர்னை நீளமாக அடித்துக்கொண்டே திருப்ப வேண்டும் என்று போட்டிருந்தான். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் திருப்புகிறார்கள்.

அவனோடு மல்லுக்கட்டி ஜூலியட்டுக்கும் கோபம் தலைக்கேறியது.

“ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அத விட்டுட்டு வேறத போடுங்க. பாஸாயிருவீங்க!”

அவள் எரிச்சலில் சொன்னதை இந்த மனுஷன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். அடுத்த மாதம் நாற்பது கேள்விக்கும் அப்படியே செய்தான். கிடைத்தது பதின்மூன்று.

“சிவப்பு லைட்டுல நிக்காம போவியா தம்பி?” என்று பரீட்சைக் கந்தோரில் இருந்த நோனா சிங்களத்தில் கேட்டு, பக்கத்து மேசைக்காரிக்கும் காட்டிச் சிரித்தாள்.

அவமானத்தில் காது சிவக்க வீட்டுக்கு வந்தான். இன்னும் ஒரே ஒரு தடவைதான் மிச்சம். ஸ்ரான்லியோ இப்போதே லொறியைச் சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடி துடைக்கிறான்!

ஜூலியட் அவன் எதிரே புத்தகத்தோடு சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இதுல தொரையும் இல்ல, கங்காணியும் இல்ல. எல்லாம் வெறும் வண்டிங்க. வெளங்குதா?”

இராயப்பன் புத்தகத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தான்.

“அப்ப பதினோரு வருஷமா தொரை ஜீப்புக்காக கொழுந்து மூட்டையோட நான் ரிவர்ஸ்லயே எறங்குனது?”

“சட்டப்படி அவங்கதான் பின்னுக்குப் போயிருக்கணும்.”

“அடப் பாவிகளா!”

அந்த ஆத்திரத்திலேயே புத்தகம் முழுவதையும் படித்துத் தீர்த்தான். மூன்றாம் தடவை முப்பத்தாறு!

பெர்மிட் கைக்கு வந்த அன்றைக்கே ஆபீசுக்குள் விறுவிறென்று போய், அதைத் தொரையின் மேசையில் பட்டென்று வைத்தான். தொரை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அந்த மலை ரோட்டுக் கேள்விக்கு நீ என்ன போட்ட?”

“ஏறுற வண்டிக்குத்தான் வழி, தொரை!” வெளியே கிளாக்கருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னான்.

“எறங்குற வண்டிக்கு இல்லியா?”

“இல்லவே இல்லீங்க!”

தொரை ஒரு துண்டுத் தாளில் அதை எழுதி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சரி, லொறி உனக்குத்தான். போ.”

லொறி கிடைத்தும் இராயப்பனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வெளியே வந்து ஆபீஸ் பியோன் முக்தார் நானாவிடம் பொரிந்து தள்ளினான்.

“பாத்தீங்களா நானா? பாஸான மனுஷன் சொல்றேன், நம்பாம எழுதி வச்சுக்கிறாரு! யாருகிட்ட விசாரிக்கப் போறாராம்?”

முக்தார் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தார்.

“சத்தம் போடாதீங்க தம்பி, தொரைக்கு வார செவ்வாக்கெழம நாலாவது தரம் லைசன்ஸ் பரீட்ச, மூணு தரமும் எறங்குற வண்டிக்குன்னுதான் போட்டிருக்காரு!”