இரண்டு தியாகிகளும் ஒரு லிப்ட் மெக்கானிக்கும்

"அழறியா?"

"இல்லீங்க, வெங்காயம்" என்றாள் மனைவி.

அவள் கையில் வெங்காயம் இல்லை. தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அடுப்பில் இருந்தது அடிப்பிடித்து நெடுநேரம் ஆகியிருந்தது.

லிப்ட் மெக்கானிக் அடுப்பை அணைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. போன வருஷம் கப்பியில் விரல் சிக்கி நகம் பெயர்ந்து வந்தபோதுகூட, "பாத்து வேலை செய்யத் தெரியாதா?" என்று திட்டிக்கொண்டேதான் கட்டுப் போட்டாள்.

"யாருக்காக அழுதே?"

"இந்தக் கதையில ஒரு மனுஷர் வர்றாருங்க. இப்படியும் ஒருத்தர் இருப்பாரான்னு இருக்கு."

'வர்றாரு' என்ற மரியாதை அவனைச் சுட்டது. அவள் தன் அக்காவிடம் போனில் பேசும்போது அவனைப் பற்றி, 'அது இன்னும் வரல, வந்ததும் சொல்றேன்' என்றுதான் சொல்வாள்.

விஷயம் இதுதான். பக்கத்துத் தெரு நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று நடக்கிறது. வரும் சனிக்கிழமை மாலை, புரட்சிக் காலத்துப் பழைய நாவல்கள் இரண்டை எடுத்துக்கொண்டு, 'யாருடைய தியாகம் பெரியது?' என்று பேசப்போகிறார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவியும் பேசப் பெயர் கொடுத்திருந்தாள்.

"யாரைப் பத்திப் பேசப் போற?"

"கூட்டத்துக்கு வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவனுக்கு வயிறு எரிந்தது. எதிரி யார் என்று தெரியாமல் எப்படிச் சண்டை போடுவது? அவள் வேலைக்குப் போனதும் இரண்டு புத்தகங்களையும் எடுத்தான். முழுதாகப் படிக்க அவனுக்குப் பொறுமை ஏது? தியாகம் எப்படியும் கடைசியில்தான் வரும் என்று கடைசி அத்தியாயங்களை மட்டும் படித்தான்.

முதல் நாவலில் ஒருவன், பிள்ளைகுட்டிக்காரனான நண்பனின் கோட்டைத் தான் மாட்டிக்கொண்டு, அவனுக்குப் பதிலாகப் போய்ச் சுடப்பட்டுச் சாகிறான். இரண்டாவதில் ஒருவன், ஊர் ஜனங்களையெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, இந்தக் கரையில் தீப்பந்தத்தோடு தனியாக நின்று படையைத் தடுத்துச் சாகிறான். இரண்டு பேருக்கும் அகன்ற நெற்றி. இரண்டு பேரும் சாகும்போது புன்னகைக்கிறார்கள். மெக்கானிக் கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்துக்கொண்டான். அது முடி கொட்டியதால் அகன்ற நெற்றி; அதற்கு யாரும் அழமாட்டார்கள்.

அன்று சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

"கோட்டுக்காரனுக்குக் குடும்பமா குட்டியா? தனிக்கட்டை. செத்தா என்ன நஷ்டம்?"

மனைவி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நீங்க படிச்சீங்களா?"

"தீப்பந்தக்காரனாவது பரவாயில்லைன்னு பாத்தா, அவனும் சாகறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் பேசறான். நிஜமா சாகப் போறவன் அவ்வளவு பேசுவானா?"

"எல்லாத்தையும் படிச்சீங்களா, கடைசியை மட்டும் படிச்சீங்களா?"

"பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"அப்ப பேசாம சாப்பிடுங்க."

அவள் கோபப்பட்டது யாருக்காக என்று அவனுக்குப் புரியவில்லை. இரண்டு பேரையும்தான் திட்டினான். இரண்டு பேருக்காகவும் கோபப்பட்டால், ஒரே நேரத்தில் இரண்டு சக்களத்தர்கள் என்றாகிறது. ஆண்பாலில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை என்பது அவனுடைய வேதனையை அதிகமாக்கியது.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தான். அவளுக்குத் தியாகம் வேண்டும், அவ்வளவுதானே? மறுநாளிலிருந்து தியாகம் செய்யத் தொடங்கினான்.

முதலில், தன் பங்குச் சாப்பாட்டை அவள் பக்கம் தள்ளினான். "நீ சாப்பிடு. எனக்குப் பசிக்கல."

"ஏன் பசிக்கல?"

அவன் ஜன்னல் வழியே தூரத்தில் பார்த்துப் புன்னகைத்தான். தியாகிகள் காரணம் சொல்வதில்லை என்பது இரண்டு கடைசி அத்தியாயங்களிலும் தெளிவாக இருந்தது.

"எங்க சாப்பிட்டீங்க?" அவள் குரல் மாறியது. "யார் வீட்ல?"

"யார் வீட்லயும் இல்ல."

"பின்ன எதுக்கு இந்தச் சிரிப்பு?"

அன்று அவள் கழுவிய பாத்திரங்களின் சத்தம் மாடி வீட்டுக்கே கேட்டிருக்கும். அவன் பட்டினியோடு படுத்தான். சின்னத் தியாகம் செய்தால் சந்தேகம்தான் மிஞ்சும். கோட்டுக்காரன் மாதிரி அடுத்தவன் பழியைச் சுமந்தால்தான் மதிப்பு வரும் என்று தோன்றியது.

சந்தர்ப்பம் தானாக வந்தது. அவன் வேலை பார்க்கும் எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் இன்னொரு மெக்கானிக் உண்டு. எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டிருப்பதால் அவனுக்குக் கொட்டாவி என்று பெயர். அந்தக் கொட்டாவி கிரீஸ் டப்பாவை லிப்டுக்குள் மறந்து வைத்துவிட்டான். மேனேஜர் அதில் காலை விட்டுவிட்டு, வெள்ளைக் கால்சட்டை கறுப்பாக, மெஷின் அறைக்கு வந்து நின்றார்.

மெக்கானிக் முன்னால் வந்தான். நெஞ்சை நிமிர்த்தினான். புன்னகைத்தான்.

"நான்தான் சார் வச்சேன்."

"என்னத்தை?"

"டப்பாவை."

"அட, நான் போன் பாத்துக்கிட்டே காலை விட்டுட்டேன். துடைக்கத் துணி இருக்கான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார் மேனேஜர். பிறகு அவருக்கு ஏதோ உறைத்தது. "ஆமா, வேணும்னேதான் வச்சியா? சிரிக்கிற வேற? அப்ப போன வாரம் நான் ஆறாவது மாடியில மாட்டிக்கிட்டு நின்னேனே, அதுவும் நீதானா?"

அது கரண்ட் போனதால் நடந்தது. ஆனால் பாதித் தியாகத்தில் பின்வாங்குவது எப்படி?

"நான்தான் சார்."

"மூணாவது மாடி பட்டன் உடைஞ்சதும்?"

"நான்தான் சார்."

அவன் அங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் உடைந்த கண்ணாடி வரை எல்லாமே அவன் கணக்கில் ஏறியது. மேனேஜர் போனதும் கொட்டாவி நன்றியில் அழுவான் என்று எதிர்பார்த்தான். கொட்டாவி பயந்து இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"அண்ணே, உங்களைப் பத்தி என்னமோ நெனச்சேன். இவ்வளவையும் நீங்கதான் செஞ்சீங்களா?"

சாயங்காலம் மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். இனி மெஷின் அறைக்கு ஒரு ஆள் போதும், இன்னொருவர் கீழே விசாரணை மேஜையில் உட்காரலாம் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டதாம்.

"நியாயமாப் பாத்தா கொட்டாவியைத்தான் கீழே அனுப்பணும். வேலை தெரிஞ்சவன் நீ" என்று மெக்கானிக்கைப் பார்த்து இழுத்தார் மேனேஜர். "நேத்து வரைக்கும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். இப்பவும் யோசனையாத்தான் இருக்கு. இனிமே ஒழுங்கா இருப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறேன்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மெஷின் அறையில் ஒவ்வொரு கயிறும் அவனுக்குத் தெரியும். கீழே நின்று கேட்டே எந்தக் கப்பிக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்லிவிடுவான். காய்ச்சல் வந்தாலும் வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் போவான். ஆனால் தீப்பந்தக்காரன் கண்முன் வந்து நின்றான். அவனுக்குப் பக்கத்தில் கண்ணைத் துடைத்தபடி மனைவியும் நின்றாள்.

"அவனே மேல இருக்கட்டும் சார். நான் கீழ போறேன்."

ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக் கொட்டாவியின் கையில் கொடுத்தான்.

"அண்ணே, இதைத் தொட்டா கையை முறிச்சிடுவேன்னு சொல்வீங்களே?"

"எடுத்துக்கோ. நல்லா இரு."

இந்த முறை வந்த புன்னகையில் உண்மையாகவே கொஞ்சம் சாவு இருந்தது. கொட்டாவி பெட்டியைத் திறந்து பார்த்து ஒரு கொட்டாவி விட்டான்.

வீட்டில் அவன் மூச்சுவிடவில்லை. இரண்டு நாளும் மெக்கானிக் வேலைக்கான அதே நீல உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினான். அலுவலகம் போய்த்தான் விசாரணை மேஜைக்கான டையைக் கட்டிக்கொண்டான். சனிக்கிழமை கூட்டத்தில் அவள் எந்தத் தியாகியைப் புகழ்ந்தாலும் சரி, முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டியதுதான். கதையில் வருகிறவன் பெரியவனா, கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு வந்தவன் பெரியவனா என்று அவளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அவள் அழுவாள். இந்த முறை அவனுக்காக அழுவாள்.

சனிக்கிழமை பார்த்து விசாரணை மேஜைக்கு ஆள் மேல் ஆள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் விசாரித்தார்கள்.

"லிப்ட் ஏங்க ஓடல?"

அவனுக்குக் காரணம் தெரியும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அவனிடம் ஸ்பேனர் இல்லை. "இடது பக்கம் படிக்கட்டு இருக்கு" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசி ஆளை அனுப்பிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய கையும் கட்டிய டையுமாக ஓடினான்.

நூலகத்தில் கூட்டம் முடிந்திருந்தது. ஆனால் யாரும் கலையவில்லை. மனைவி மேடைக்கு அருகில் பெண்கள் சூழ நின்றாள். கண் சிவந்திருந்தது, முகத்தில் அப்படி ஒரு பெருமை. அழுதிருக்கிறாள்! எந்தப் பாவிக்காக? அவன் வயிறு கடைசியாக ஒருமுறை பற்றி எரிந்தது.

வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நூலகரைப் பிடித்தான்.

"சார், மருந்துக்கடை அம்மா பேசினாங்களே, எப்படிங்க?"

"யாருக்கும் வராத கைதட்டல் சார். நீங்க கேக்காமப் போயிட்டீங்க."

"யாரைச் சொன்னாங்க? கோட்டுக்காரனையா, தீப்பந்தக்காரனையா?"

நூலகர் டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு பேரையும் தூக்கிக் கடாசிட்டாங்க சார்! நடு அத்தியாயத்துல ஒரு தூக்குப்பாலத்து மெக்கானிக் வருவானே, எவன் ஆட்சிக்கு வந்தாலும் என் ஸ்பேனரை எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்னு தினம் கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு, அவன்தான் பெரிய மனுஷன், எங்க வீட்லயும் அப்படி ஒருத்தர் இருக்காருன்னு சொல்லி அழுதுட்டாங்க. அவரைப் பாக்கத்தான் இவ்வளவு பேரும் நிக்கிறோம், வேலையை முடிச்சிட்டுக் கை பூரா கிரீஸோட இப்ப வந்துடுவாராம்."