தலைப்பிரட்டைகளின் தகப்பன்

ஒரு காட்டில் கோடைக்காலத்தில் வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிட ஓர் அலுவலகம் இருந்தது. பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு மட்டும்தான் தண்ணீர். அதுவும் தகப்பனே நேரில் வந்து டோக்கன் வாங்க வேண்டும்.

மாசிலாமணி என்ற தவளை விடியும்போதே வந்து வரிசையில் நின்றுவிட்டான். அவன் குட்டை சேறாகிக்கொண்டிருந்தது. உள்ளே அவனுடைய தலைப்பிரட்டைகள் துடித்துக்கொண்டிருந்தன. இன்று தண்ணீர் வராவிட்டால் ஒன்றுகூட மிஞ்சாது.

அதிகாரி உடும்பு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிள்ளைங்க உன்னோடதுதான்னு என்ன அத்தாட்சி?"

"குட்டையே பார்த்துச்சுங்க ஐயா. மழை பெஞ்ச அன்னிக்கு என் சம்சாரம் தண்ணியில முட்டை விட்டா. நான் அவ முதுகுல உட்கார்ந்து, முட்டை மேலேயே விந்தை விட்டேன். எங்க இனத்துக்குக் கரு வெளியிலதான் பிடிக்கும். நண்டு பார்த்துச்சு, எருமை பார்த்துச்சு."

"வேற ஆம்பளைத் தவளைங்க இருந்தாங்களா?"

மாசிலாமணிக்குப் பொய் சொல்ல வராது. "மழைன்னா எல்லாரும்தானேங்க வருவாங்க."

"அப்ப யாரோடதுன்னு எப்படிச் சொல்றது? தள்ளி நில்லு."

அடுத்து கலைமான் சுந்தரபாண்டியன் கொம்பை ஆட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஒரு குட்டி. "என் மகன்" என்றார்.

"அதை யாரு பார்த்தாங்களாம்?" என்றான் தவளை.

"சீ!" என்று அதட்டினார் உடும்பு. "அவங்களுக்கெல்லாம் உடம்புக்குள்ளேயே நடக்கிற விஷயம். பெரிய இடத்துல அதைக் கேக்கலாமா?"

மானுக்கு உடனே டோக்கன் கிடைத்தது. வெளியே வந்தவரின் காலைத் தவளை கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "நீங்க சொன்னா அவரு கேப்பாருங்க. குட்டையில இருக்கிறதும் உங்க பிள்ளைங்கதான்னு ஒரே ஒரு வார்த்தை!"

மானுக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பிப் போய், "குட்டையில நீந்துறதும் நம்ம வாரிசுங்கதான்" என்றார்.

உடும்பு எழுந்தே நின்றுவிட்டார். எப்படி என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. "உள்விவகாரம், உள்விவகாரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே மதகைத் திறக்கச் சொன்னார்.

பிள்ளைகள் பிழைத்தன. கால் முளைத்து, வால் மறைந்து, கரையேறின. மான் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் "அப்பா, அப்பா" என்று அவரைச் சுற்றிச் சுற்றிக் குதிக்கின்றன. ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாசிலாமணியைச் சித்தப்பா என்கின்றன. அவன் அடுத்த கோடையை நினைத்துக்கொண்டு, "அப்பா வந்திருக்காரு பாருங்க, வணக்கம் சொல்லுங்க" என்பான்.

நீதி: ஊரே பார்க்கச் செய்த காரியத்துக்குத்தான் அத்தாட்சி கேட்பார்கள். ஆகவே, எதைச் செய்தாலும் யாரும் பார்க்க முடியாத இடத்தில் செய்க. கொம்பும் இருந்தால் மிக நல்லது.